‘இ நெகட்டிவ்’ என்றால் நிம்மதி என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றி வந்த கட்டுரையில், “இ ஆன்டிஜன் நெகட்டிவ் என்று வந்துவிட்டால் வைரஸ் அடங்கிவிட்டது, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்” என்று ஒரு வரி இருக்கிறது. (இ ஆன்டிஜன் என்பது இந்த வைரஸ் வெளியே விடும் ஒரு புரதம்.) கட்டுரையின் மற்ற பகுதிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. இந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பரவலாக நம்பப்படும் வரி இது. ரிப்போர்ட்டில் ‘இ நெகட்டிவ்’ என்று கண்டதும் அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, ஆறேழு ஆண்டு கழித்துக் கால் வீங்கி, வயிறு உப்பி வருபவர்களுக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது இதே வரிதான். ஏன் தவறு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வைரஸின் மரபுச் சரடு மிகச் சிறியது. ஏ (A), சி (C), ஜி (G), டி (T) என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன அது, மொத்தமே ஏறக்குறைய 3,200 எழுத்துகள். அதற்குள் நான்கு பாடங்கள், அதாவது ஜீன்கள், எழுதப்பட்டிருக்கின்றன: மேலுறைக்கு எஸ் (S), உள்கூட்டுக்கு சி (C), நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கு பி (P), கடைசியாக எக்ஸ் (X). இடம் போதாததால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. பள்ளி இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருப்போம். ‘அந்தமான்’ என்று சேர்த்துப் படித்தால் தீவு, ‘அந்த மான்’ என்று பிரித்துப் படித்தால் விலங்கு. இங்கே எஸ் பாடம் முழுவதும் பி பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே எழுத்துகளை ஓரெழுத்துத் தள்ளிப் படித்தால் வேறு புரதம். ‘மா’ என்ற ஓரெழுத்து ‘மீ’ ஆனால் ‘அந்த மீன்’ என்று ஒரு வாசிப்பு பிழைத்துக்கொள்ளும், தீவு காணாமல் போய்விடும். வைரஸிலும் இதேதான் நடக்கிறது. ஒரு பாடத்தில் விழும் மாற்றம் அடுத்த பாடத்தையும் இழுக்கும். மருந்துக்கு அடங்காத வைரஸைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

எழுத்துப் பிழை எங்கிருந்து வருகிறது? இந்த வைரஸ் டிஎன்ஏவிலிருந்து நேராக டிஎன்ஏ எடுப்பதில்லை. முதலில் ஆர்என்ஏ எழுதி, அதைத் திருப்பி டிஎன்ஏவாக எழுதுகிறது. திருப்பி எழுதும் நொதிக்கு எழுதியதைச் சரிபார்க்கும் பழக்கம் கிடையாது. வைரஸ் தீவிரமாகப் பெருகும் ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடிக்கும் மேல் புதிய வைரஸ்கள் உருவாகின்றன. ஆகவே நாட்பட்ட நோயாளி ஒருவரிடம் இருப்பது ஒரே வைரஸ் என்று நினைக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று ஓரிரு எழுத்து வேறுபட்ட ஒரு பெருங்கூட்டம் அவர் ரத்தத்தில் இருக்கிறது. நோய் எதிர்ப்பு சக்தியோ மருந்தோ அழுத்தும்போது, தாக்குப்பிடிக்கிற எழுத்து எதனிடம் இருக்கிறதோ அது முன்னே வந்துவிடும்.

இந்த உள்வீட்டு வேறுபாட்டுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாகப் பிரிந்த பெரிய வகைகளும் உண்டு. முழுச் சரட்டிலும் ஏழரை, எட்டு சதவீதத்துக்கு மேல் எழுத்து வேறுபட்டால் தனி ஜீனோடைப். ஏ முதல் ஹெச் வரை எட்டு வகைகள் உறுதியானவை. ஐ, ஜே இரண்டும் பின்னால் முன்மொழியப்பட்டவை. இந்தியாவில் அதிகம் காணப்படுவது டி (D), அடுத்தது ஏ (A). நாட்டின் கிழக்கிலும் வடகிழக்கிலும் சி வகையும் இருக்கிறது. ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் அந்த மாநிலங்களிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். எனவே ‘நம்ம ஊரில் டி மட்டும்தான்’ என்று இங்குள்ள ஆய்வகம் எதுவும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது. இதை அந்தத் தொழிலாளர்கள்மேல் பழி போட யாரும் பயன்படுத்தவும் கூடாது. இந்த வைரஸ் இரு மாவட்டங்களிலும் நெடுங்காலமாகக் குடியிருப்பதுதான்.

இனி அந்த ‘இ’ விஷயம். இ ஆன்டிஜன் என்பது வைரஸ் தன் பெருக்கத்துக்குத் தேவையில்லாமல் வெளியே விடும் ஒரு புரதம். குழந்தைப் பருவத்தில் தொற்றியவரின் எதிர்ப்பு சக்தி நீண்ட காலம் தூங்கிக் கிடப்பதற்கு அது துணை நிற்பதாகக் கருதப்படுகிறது. சாதாரண வழியில், எதிர்ப்பு சக்தி விழித்து வைரஸை அடக்கும்போது இ ஆன்டிஜன் மறைந்து, அதற்கு எதிரான ஆன்டிபாடி தோன்றும். அப்படி மறைந்தால் நல்ல செய்திதான். கட்டுரையாளர் மனதில் வைத்திருந்தது இந்த வழியை மட்டும்.

வேறு வழியும் உண்டு. சரட்டில் 1896ஆம் எழுத்து ‘ஜி’. அது ‘ஏ’ ஆக மாறினால், டிஜிஜி (TGG) என்ற சொல் டிஏஜி (TAG) ஆகிவிடும். டிஜிஜி என்றால் ‘டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சேர்’ என்று பொருள். டிஏஜி என்றால் முற்றுப்புள்ளி. இ ஆன்டிஜன் தயாரிப்பு பாதியில் நின்றுவிடும். உள்கூட்டுப் புரதம் அதற்கு அடுத்துள்ள தொடக்கத்திலிருந்து எழுதப்படுவதால் அதற்கு ஒரு கேடும் இல்லை. வைரஸ் தன்பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருக்கும். கடை நடக்கிறது, பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றம் எல்லா வகை வைரஸிலும் ஒரே மாதிரி வருவதில்லை. காரணம் சரட்டின் மடிப்பில் இருக்கிறது. வைரஸின் ஆர்என்ஏ, தன்னை உள்கூட்டுக்குள் அடைத்துக்கொள்ள ஒரு கொண்டைபோல மடிகிறது. அந்த மடிப்பில் 1896ஆம் எழுத்து, 1858ஆம் எழுத்துடன் கைகோத்து நிற்க வேண்டும். ஏ வகையில் 1858இல் பெரும்பாலும் ‘சி’ இருக்கும். அது ‘ஜி’யுடன் உறுதியாகப் பிணைந்திருக்கிறது. அங்கே ‘ஜி’ போய் ‘ஏ’ வந்தால் பிணைப்பு அறுந்து மடிப்பு குலையும், வைரஸுக்கு நஷ்டம். டி (D) வகையில் 1858இல் ‘டி’ (T) என்ற எழுத்து. அது ‘ஜி’யுடன் அரைகுறையாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘ஏ’ வந்தால் இன்னும் நன்றாக ஒட்டும். டி வகைக்கு இந்த மாற்றம் லாபம். டி அதிகமுள்ள நாட்டில், இ நெகட்டிவாக இருந்துகொண்டே கல்லீரல் அழற்சி தொடரும் நோயாளிகள் ஏன் இவ்வளவு பேர் என்பதற்கு இது பெரிய காரணம். ஐரோப்பாவின் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இதே கதைதான், அங்கும் டி.

ஏ வகை அதனால் சும்மா இருக்கிறதா என்றால், அதற்கு வேறு கதவு. 1762, 1764 ஆகிய இரண்டு இடங்களில் ஒருசேர எழுத்து மாறினால், இ ஆன்டிஜனுக்கான ஆணை எழுதப்படுவதே குறையும். இது முற்றுப்புள்ளி அல்ல, குழாயைப் பாதி மூடுவது போல. ரத்தத்தில் இ ஆன்டிஜன் அளவு இறங்கும். சில டெஸ்ட் கிட்களில் நெகட்டிவ் என்றும் வரக்கூடும். இந்த இரட்டை மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே இ நெகட்டிவ் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இரண்டு நேரெதிர் நிலைகள் இருக்கலாம். ஒன்று, வைரஸ் உண்மையிலேயே ஒடுங்கியிருக்கும் நிலை: வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) மில்லிக்கு 2,000 ஐயுவுக்குக் (சர்வதேச அலகுக்கு) கீழ், எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியின் அளவு) தொடர்ந்து சரி. மற்றது, பெயர்ப்பலகை கழற்றிய நிலை: லோடு சில ஆயிரத்திலிருந்து பல லட்சம் வரை ஏறி இறங்கும், எஸ்ஜிபிடியும் கூடவே ஆடும். இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு டெஸ்ட் போதாது. இரண்டாம் நிலையில் இருப்பவருக்கும் நடுவில் சில மாதம் எல்லாம் அடங்கியதுபோலக் காட்டும். அந்த மாதத்தில் டெஸ்ட் எடுத்தால் ஏமாந்துபோவோம். எனவே முதல் ஓராண்டில் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி பார்க்க வேண்டும். வைரல் லோடும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்க்க வேண்டும். எல்லாம் தொடர்ந்து கீழேயே இருந்தால்தான் ஆறு மாதம், ஓராண்டு என்று இடைவெளியை நீட்டலாம்.

எஸ்ஜிபிடி ‘நார்மல்’ என்பதிலும் ஒரு சிக்கல். ஆய்வகத் தாளில் மேல்வரம்பு 40, 45 என்று அச்சாகியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்றுதான் மேல்வரம்பு. எஸ்ஜிபிடி 36 உள்ள பெண்ணுக்கு ஆய்வகத் தாள் ‘நார்மல்’ என்று சொல்லும். இந்தக் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே வழிகாட்டுதலின்படி, லோடு 2,000 ஐயுவுக்கு மேல் இருந்து எஸ்ஜிபிடியும் இந்த வரம்பைத் தாண்டினால் சிகிச்சைக்கு உரியவர். லோடு பார்க்க வசதியில்லாத இடத்தில், கல்லீரல் தழும்பை மதிப்பிடும் ஏப்ரி (APRI) என்ற கணக்கு உதவும். எஸ்ஜிஓடியை (இன்னொரு கல்லீரல் நொதியை) அதன் மேல்வரம்பால் வகுத்து, பிளேட்லெட் எண்ணிக்கையால் மீண்டும் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். எஸ்ஜிஓடி 64, மேல்வரம்பு 40, பிளேட்லெட் 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 64ஐ 40ஆல் வகுத்தால் 1.6. பிளேட்லெட்டை ‘1.6’ என்றோ ‘1,60,000’ என்றோ போட்டுவிடக் கூடாது; ஆயிரத்தில், அதாவது 160 என்று போட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். 1.6ஐ 160ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 1. வரம்பு 0.5. ஆகவே இவருக்குக் கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இ நெகட்டிவ் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

வைரல் லோடு தாளை வாசிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். சென்ற முறை 4,000, இந்த முறை 9,000 என்று வந்தால் பதற வேண்டாம். மூன்று மடங்குக்குள் ஏறி இறங்குவது டெஸ்ட்டின் சொந்த ஆட்டமாகவே இருக்கலாம். பத்து மடங்கு, அதாவது ஒரு ‘லாக்’ ஏறினால்தான் அதற்குப் பொருள். பழைய தாள்களில் ‘காப்பி’ (வைரஸ் பிரதி) கணக்கு இருக்கும்; ஒரு ஐயு என்பது ஏறத்தாழ ஐந்து, ஆறு காப்பி. பழைய 20,000 காப்பியையும் புதிய 4,000 ஐயுவையும் பக்கத்தில் வைத்து ‘ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றேதான். ‘டிடெக்ட் ஆகவில்லை’ என்று வந்தால், எத்தனை ஐயுவுக்குக் கீழே அந்தக் கருவியால் பார்க்க முடியாது என்பதையும் தாளில் தேடிப் பாருங்கள். அது அச்சிடப்படாத தாளை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஆய்வகத்துக்கு ரத்தம் வந்து சேரும் வழியிலேயே பாதிக் கணக்கு கெட்டுவிடுகிறது. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் சற்று நின்று சொல்கிறோம். வைரல் லோடுக்கு ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூபில் 3 முதல் 4 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். பச்சை மூடி டியூப் வேண்டாம். அதிலுள்ள ஹெப்பாரின், வைரஸின் சரட்டைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் வினையையே தடுத்து, வைரஸ் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைத் தனி டியூபுக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பு. அஞ்செட்டியிலோ பென்னாகரம் மலைப்பக்கமோ எடுத்த ரத்தத்தை ‘கெடாமல் இருக்கட்டும்’ என்று முழு ரத்தமாகவே ஃப்ரீசரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உறைந்தால் சிவப்பணு வெடித்து ஹீமோகுளோபின் கலந்துவிடும். அதுவும் பிசிஆரைத் தடுக்கும். ஐஸ் கட்டிமேல் டியூபை நேராகப் படுக்க வைப்பதும் அதே தவறுதான். நடுவில் துணியோ அட்டையோ வேண்டும். பிரித்த பிளாஸ்மாவை 2 முதல் 8 டிகிரியில் மூன்று நாள் வைக்கலாம். அதற்கு மேல் போகும் என்றால் பிளாஸ்மாவை மட்டும் மைனஸ் 20இல் உறைய வைக்கலாம். கரண்ட் போய் உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகினால் லோடு குறைந்து தெரியும்.

எழுத்து மாற்றத்தைத் தேடும் சீக்வென்சிங்குக்கு இன்னும் நிபந்தனைகள் உண்டு. லோடு 1,000 ஐயுவுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் படிக்கத்தக்க வரிசை கிடைக்காது, காசு வீண். வழக்கமான சேங்கர் முறையில், கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காவது மாறியிருந்தால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அதைவிடக் குறைவாக இருப்பது ‘மாற்றம் இல்லை’ என்றே வரும். இரண்டு சுற்று பிசிஆர் செய்யும் இடத்தில், முன் வேலைக்கும் பின் வேலைக்கும் தனித்தனி அறையும் தனித்தனிப் பிப்பெட்டும் இல்லையென்றால் நேற்றைய நோயாளியின் வரிசை இன்றைய நோயாளியின் பெயரில் வந்துவிடும். ஒரே நாளில் செய்த நான்கு பேருக்கு எழுத்துக்கு எழுத்து ஒரே வரிசை வந்தால், அந்த நால்வரும் ஒரே குடும்பமா என்று கேளுங்கள். இல்லையென்றால் முழுத் தொகுப்பையும் திரும்பச் செய்யுங்கள்.

ஜீனோடைப் டெஸ்ட் எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வைரஸை அடக்கும் மாத்திரைகளான டெனோஃபோவிர், என்டகாவிர் இரண்டும் எந்த வகைக்கும் ஒன்றுபோல வேலை செய்யும். ஊசியாகப் போடும் பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் யோசனையில் இருந்தால் மட்டும் வகை தெரிந்தாக வேண்டும். 2005இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில், இ ஆன்டிஜன் மறைந்தவர்கள் ஏ வகையில் 47 சதவீதம், டி வகையில் 25 சதவீதம். ஓராண்டு ஊசியும் காய்ச்சலும் தாங்கி, நாலில் ஒரு பங்கு பலனுக்கு இறங்குவதா என்பதை நோயாளி முன்கூட்டியே யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை இரண்டாவது, மூன்றாவது வைரல் லோடுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மருந்துக்கு அடங்காத வைரஸ் விஷயத்தில் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். முன்பு தாராளமாக எழுதப்பட்டது லாமிவுடின், நாளுக்கு 100 மில்லிகிராம். பாலிமரேஸில் 204ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போய் வாலினோ ஐசோலூசினோ வந்தால் இந்த மருந்து வேலை செய்யாது. ஒய்எம்டிடி மாற்றம் என்று சொல்வது இதைத்தான். லாமிவுடினை மட்டும் தனியாகச் சாப்பிட்டவர்களில் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும், ஐந்து ஆண்டில் பத்தில் ஏழு பேருக்கும் இது வந்துவிடுகிறது. மருந்தை மாற்றியதும் அந்த வைரஸ் மறைந்ததுபோலத் தெரியும். கல்லீரல் அணுவின் (செல்லின்) உட்கருவில் அதன் பிரதி ஆவணம்போல இருந்துகொண்டே இருக்கும். அவருக்குப் பின்னாளில் என்டகாவிர் கொடுத்தால், அதை எதிர்க்கும் பாதையில் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்ட வைரஸுக்குக் கொடுத்ததாகும். முன்பு எதுவும் சாப்பிடாதவர்களிடம் என்டகாவிருக்கு எதிர்ப்பு ஐந்து ஆண்டில் 1.2 சதவீதம், லாமிவுடினுக்கு அடங்காதவர்களிடம் 51 சதவீதம். அவர்களுக்கு உரியது டெனோஃபோவிர்.

இதை எச்ஐவியும் சேர்ந்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இப்போதைய கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முந்தைய கூட்டுகளில் ஹெபடைட்டிஸ் பி-யைத் தாக்கக்கூடியது லாமிவுடின் ஒன்றே. அந்தக் காலத்திலிருந்து சாப்பிடுபவர் அந்தப் பழைய பச்சைச் சீட்டை, நோட்டுப் புத்தகத்தை எறிந்துவிடாமல் கொண்டுவர வேண்டும்.

முன்னே சொன்ன ‘அந்தமான்’ இங்கே வருகிறது. பாலிமரேஸில் 181ஆம் இடத்தில் வரும் ஒரு மாற்றம், அதே எழுத்துகளை எஸ் பாடமாகப் படிக்கும்போது 172ஆம் இடத்தில் முற்றுப்புள்ளியாக விழுகிறது. மேலுறைப் புரதம் குட்டையாகிவிடும். சரியாக வெளியேறாமல் அணுவுக்குள்ளேயே தேங்கும். ரத்தத்தில் எஸ் ஆன்டிஜனும் (தொற்றைக் காட்டும் மேலுறைப் புரதம்) லோடும் குறைவாகத் தெரியும், மருந்து வேலை செய்வதுபோல ஒரு பொய்த்தோற்றம் கிடைக்கும்.

மருந்து சாப்பிடும்போது லோடு தாழ்ந்த அளவிலிருந்து பத்து மடங்கு ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வைரஸை அல்ல, மாத்திரை டப்பாவை. மாங்காய்ப் பருவத்தில் வேலைக்குப் போய் இருபது நாள் மாத்திரை விட்டுப்போவது இங்கே சாதாரணம். என்டகாவிர் என்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட வைத்து மீண்டும் லோடு பாருங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் எதிர்ப்புக்கான சீக்வென்சிங். அந்த ரத்தத்தை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்திச் சில வாரம் ஆனால் பழைய வைரஸ் முந்திக்கொண்டு, மாறிய வைரஸ் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போய் மறைந்துவிடும். மேலும், நிறுத்துவதே ஆபத்து. திடீரென அழற்சி கிளம்பி உயிருக்கே முடிவாகலாம்.

டெனோஃபோவிர் பற்றி நம் மாவட்டங்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. ஃப்ளோரைடு தண்ணீரால் எலும்பு வலி இங்கே புதிதல்ல. அதனால் ‘மூட்டு வலி, எலும்பு வலி’ என்றாலே தண்ணீர்மேல் போட்டுவிடுகிறோம். டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் சிலருக்குச் சிறுநீரகக் குழல்களைத் தாக்கி, பாஸ்பேட் சிறுநீரில் வீணாகி, எலும்பு மெலிந்து வலிக்கும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு எலும்பு வலி வந்தால் கிரியேட்டினின், ரத்தப் பாஸ்பேட், சிறுநீரில் சர்க்கரை, புரதம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே தண்ணீரைக் குற்றம் சொல்ல வேண்டும்.

கீழாநெல்லி பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதத்தை யாரும் முழுதாக நம்பமாட்டார்கள். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளம்பர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு எஸ் ஆன்டிஜன் மறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மறைந்தது. பின்னர் வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் குணமானது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு வந்தது தானாகவே சரியாகும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ. நாட்பட்ட பி-க்கு அதை நம்பி டெனோஃபோவிரை நிறுத்துவது வேறு கணக்கு.

கடைசியாகத் தடுப்பூசி. மேலுறையில் 124 முதல் 147 வரையிலான பகுதியைத்தான் தடுப்பூசி தரும் ஆன்டிபாடி பிடிக்கிறது. இது எல்லா வகைகளுக்கும் பொது. அதில் 145ஆம் இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வந்தால் ஆன்டிபாடி சரியாகப் பிடிக்காது. 1990இல் இத்தாலியில், தடுப்பூசி போட்ட குழந்தை ஒன்றிடம் இது கண்டறியப்பட்டது. சில கிட்களும் இதைத் தவறவிடும். எஸ் ஆன்டிஜன் நெகட்டிவ், ஆனால் கோர் ஆன்டிபாடி (உள்கூட்டுக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ், எஸ்ஜிபிடி ஏற்றம் என்றால், வேறு கம்பெனி கிட்டில் ஒருமுறையும் வைரல் லோடு ஒருமுறையும் பார்க்க வேண்டும். எஸ் ஆன்டிஜனும் அதற்கெதிரான ஆன்டிபாடியும் ஒன்றாகப் பாசிட்டிவாக வந்தாலும் ‘கிட் கோளாறு’ என்று தள்ளிவிட வேண்டாம்.

இதைப் படித்து ‘தடுப்பூசியால் பயனில்லை’ என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுபவர்களுக்கு: தைவானில் 1984இல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986இலிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கினார்கள். 1984க்குப் பிந்தைய பத்து ஆண்டில், தொற்றிய குழந்தைகளிடையே இந்தப் பகுதியில் மாற்றமுள்ள வைரஸின் பங்கு 7.8 சதவீதத்திலிருந்து 28.1 ஆக ஏறியது. அதே பத்து ஆண்டில் தொற்றிய குழந்தைகளே 9.8 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தார்கள். பங்கு ஏறியது, மொத்தம் சரிந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட். தாய்க்குத் தொற்று இருந்தால் பிறந்தவுடன் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (ஆயத்த ஆன்டிபாடி ஊசியும்). தாயின் லோடு 2 லட்சம் ஐயுவுக்கு மேல் இருந்தால் கர்ப்பக் காலத்திலேயே டெனோஃபோவிர். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆன பிறகு எஸ் ஆன்டிஜனும் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி டெஸ்ட்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஊசிக்குத் தப்பிய வைரஸ் இருந்தால் அது பிடிபடும் இடமும் அதுவே.

2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரு மாவட்ட சுகாதாரத் துறையினரிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை போன்ற தாலுகா மருத்துவமனைகளிலேயே ரத்தம் எடுத்து, அங்கேயே பிளாஸ்மா பிரித்து, வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் குளிர்ப்பெட்டியில் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருநாள் கூலியையும் பஸ் செலவையும் இழந்து வரச் சொன்னால் இரண்டாவது முறை வரமாட்டார்கள்.

தாங்கள் வெளியிட வேண்டிய திருத்தத்தையும் எழுதித் தந்துவிடுகிறோம்: “இ ஆன்டிஜன் நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து வைரஸ் அடங்கியதாகக் கொள்ளக் கூடாது. முதல் ஓராண்டில் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடியும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வைரல் லோடும் பார்த்து, லோடு 2,000 ஐயுவுக்குக் கீழும் எஸ்ஜிபிடி ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19-க்குள்ளும் தொடர்ந்து இருந்தால் மட்டுமே இடைவெளியை நீட்டலாம்.” கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஆய்வக நுண்ணுயிரியல், கல்லீரல் நோய்ப் பிரிவுகளில் பணிபுரிவோர் சிலர்,
தருமபுரி – கிருஷ்ணகிரி.